கொட்டுக்காரனுக்கு வந்த கைகள்

சிப்பித்துறையில் கடலுக்கும் மாதா கோயிலுக்கும் அடுத்தபடி பெரியது எது என்று கேட்டால் கால்பந்து மைதானத்தைக் காட்டுவார்கள், மைதானத்தில் பெரியது எது என்று கேட்டால் பந்தைக் காட்டமாட்டார்கள், கொட்டுவரிசையைத்தான் காட்டுவார்கள். விடிவெள்ளி கால்பந்துக் கழகம் ஜெயித்த ஆட்டங்களை ஊர் மறந்துவிட்டது, தோற்ற ஆட்டங்களை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது, ஆனால் எந்த வருஷத்து இடைவேளையில் கொட்டுவரிசை எப்படி வளைந்து எப்படி நிமிர்ந்தது என்பதை மட்டும் நண்டுக்குழம்பைப் பற்றிப் பேசுவதுபோல வாய் ஊறச் சொல்லும். தோளில் டிரம்மை மாட்டிய வாலிபர்கள் வரிசை கட்டி மைதானத்தின் நடுவுக்கு வருவார்கள், அவர்களில் நாலு பேர் ஒரு பெரிய டிரம்மைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள், அதன்மேல் ஏறி நிற்பவன் தொபியாஸ். ஏறி நின்று, பின்பக்கமாக வில்லாய் வளைந்து, தலை தரையைப் பார்த்துத் தொங்க, இடுப்பில் கட்டிய டிரம்மை அவன் அடிக்கிற அடியில் கேலரியில் இருப்பவர்கள் மூச்சு விடுவதைத் தள்ளிப்போடுவார்கள்.

ஒரு திருவிழா ஆட்டத்தில் அப்படி வளைந்தவன் நிமிரவில்லை. கழுத்து முறிந்தது. உயிர் கழுத்துக்கு மேலே மட்டும் தங்கிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள், அதுவும் அவன் காதுபடவே சொன்னார்கள், சிப்பித்துறையில் எதையும் மெதுவாகச் சொல்லும் பழக்கம் கிடையாது.

அவன் மனைவி கித்தேரி அதற்குப்பிறகு அவனுக்குச் சோறு ஊட்டினாள், பல் தேய்த்துவிட்டாள், முகம் மழித்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள், மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்டினாள். அலுப்பாக இருந்தது என்பதை மறைக்கிற ஆள் இல்லை அவள். சிலநாள் ஊட்டும்போதே கையை உதறிவிட்டு வாசலில் போய் நின்று கடலைப் பார்த்துத் திட்டுவாள், திட்டி முடித்ததும் உள்ளே வந்து மிச்சச் சோற்றை ஊட்டுவாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் ஆட்டம் முடிந்து வந்தால், குச்சி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைப்பான், சொரசொரவென்று இருக்கும். அந்தக் கை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானாக எழுந்து வந்து கன்னத்தில் படவேண்டும்.

பட்டணத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து கருவி வந்தது. நெற்றியில் கட்டுகிற ஒரு பட்டை, இரண்டு கைக்கும் ஒயர் ஓடும் கையுறை. மனசுக்குள் கையைத் தூக்கு என்று நினைத்தால் பட்டை அதைப் பிடித்து கையுறைக்குச் சொல்லும், கையுறை விரலை மடக்கும் என்றார்கள். கொண்டுவந்த பெண், எந்த வாரை எங்கே மாட்டுவது, எதை முதலில் கழற்றுவது என்று கித்தேரிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தினமும் பழக வேண்டும், அவசரப்படக் கூடாது என்று சொல்லிப் போனாள். தொபியாஸ் தினமும் நினைத்தான். நெற்றி வியர்க்க நினைத்தான். கையுறை தேன்கூடு மாதிரி உறுமியது, விரல் அசையவில்லை.

ஒருநாள் காலை கித்தேரி கையுறையை மாட்டிவிட்டு அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்க ஆள் வேண்டும் என்று சொல்லவும் அவனுக்கு வெட்கம். அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதுக்கு எதுக்கு அழுதீய? என் கைய வேணும்னா எடுத்துக்கோங்க, எனக்கும் இதை வச்சு வேலை செஞ்சு சலிச்சுப் போச்சு" என்றாள்.

அரிவாள்மணையிலிருந்து மீன் நழுவி விழுந்தது. அவளுடைய வலது கை மடியில் துணிபோலக் கிடந்தது. தொபியாஸின் வலது கை எழுந்து, தயங்கித் தயங்கி, அவன் முகத்துக்குப் போய்க் கண்ணைத் துடைத்தது. அவன் கையைத் தாழ்த்தியதும் அவள் கை அவளுக்குத் திரும்பிவந்தது. கித்தேரி எழுந்து, விழுந்த மீனைக் கழுவி, அரிந்து முடித்து, குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

ஊர் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலில் போனவன் மூன்றாம் மாதம் திரும்பிவந்து சாப்பாடு கேட்ட ஊர் அது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒழுங்குமுறைதான். யார் வேண்டுமானாலும் தொபியாஸின் முகத்தைப் பார்த்து மனசார "எடுத்துக்கோ" என்றால் போதும் என்பதும், கொடுத்தவன் கை அவன் விடுகிறவரை செத்துக் கிடக்கும் என்பதும், கையுறையைக் கழற்றினால் அப்போதே எல்லாம் திரும்பிவிடும் என்பதும், ஒருவன் கையை வைத்துச் சோறு தின்னலாமே தவிரக் கொட்டு அடிக்க முடியாது, அதற்குப் பலபேர் கை சேர வேண்டும் என்பதும், சோற்றுக்கு வலது கை மட்டும் போகும், கொட்டுக்கென்றால் இரண்டு கையும் போய்விடும் என்பதும் ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயின. பங்குச்சாமி பிரசங்கத்தில் இதைத் தர்மம் என்றார். திருவிழாவில் நாளுக்கு ஒரு தெரு செலவேற்று நடத்துவதுபோல இதற்கும் தெரு முறை வைத்தார்கள். இன்றைக்குத் தெற்குத் தெரு, நாளைக்கு வலைகாரத் தெரு. முறைக்காரர்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "எடுத்துக்கோ மக்கா" என்பார்கள், தொபியாஸ் தன் கையால் சோறு பிசைந்து தின்பான், அவர்கள் கை தொங்கப்போட்டுக்கொண்டு மீன்விலை பேசுவார்கள். வயிறு நிறைந்து அவன் ஏப்பம் விட்டால் முறைக்காரனுக்குப் பெருமையாக இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சொல்லுவான்.

கெட்டது அல்போன்ஸ் முறையன்றுதான். அல்போன்ஸ் பக்கத்து வீட்டுக்காரன், நல்லவன், கொஞ்சம் தூங்குமூஞ்சி. அவன் கையை வாங்கித் தின்றுமுடித்த தொபியாஸ், தட்டை எடுக்கக் குனிந்த கித்தேரியின் கன்னத்தை அந்தக் கையால் தொட்டுவிட்டான். எச்சில் கை, சோற்றுப்பருக்கை ஒட்டிய கை. கித்தேரி அப்படியே நின்றாள். அதை அல்போன்ஸும் பார்த்தான், வாசலில் நின்ற அவன் மனைவியும் பார்த்தாள்.

"என்ன, மெத்துமெத்துன்னு இருந்திச்சோ?" என்று வீட்டுக்குப் போனதும் அல்போன்ஸின் மனைவி கேட்டாள்.

"எனக்கு என்னட்டி தெரியும், என் கைதான் செத்துக் கெடந்திச்சே" என்றான் அல்போன்ஸ்.

"கெடந்தது கை. கண்ணு கெடக்கலியே."

இந்தப் பேச்சு தெருக்குழாயில் கழுவப்பட்டு, மீன் ஏலக்கூடத்தில் உலர்த்தப்பட்டு, கோயில் முற்றத்துக்கு வந்துசேர்ந்தபோது ஊர்க்கூட்டம் போட வேண்டியதாயிற்று. இரவல் கையால் ஒருவன் தன் பெண்சாதியைத் தொட்டால் அது யார் தொட்டதாகும்? தொட்டவன் தொபியாஸ், தோல் மட்டுந்தான் அல்போன்ஸ் என்று சிலர். தோலும் தொபியாஸ்தான், தெம்பு மட்டுந்தான் அல்போன்ஸ் என்று சிலர். தெம்புதானப்பா எல்லாம் என்று ஒருவன் சொன்னதும் கூட்டம் சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக வெட்கப்பட்டது. அதற்குப்பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் தன் புருஷனை முறைக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. பெண்கள் கொடுக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, அதைவிட அசிங்கம் வேறு வேண்டுமா என்று பதில் வந்தது.

கழகத்துச் செயலாளர் ரோமால்டு எழுந்தான். ரோமால்டைக் கெட்டவன் என்று சொன்னால் அது பொய். நடக்கமாட்டாத தன் தகப்பனார் சந்தியாகுவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேலரியில் உட்காரவைத்து, அவித்த கடலை வாங்கிக் கொடுத்து, வேட்டியை இழுத்து மூடிவிடுகிற பிள்ளை அவன். அவன் சொன்னது இதுதான்: கருவி வந்தது கழகத்தின் பெயரில். கொட்டுவரிசை நடு ஆள் இல்லாமல் பாழடைகிறது. ஆகவே கை மைதானத்துக்கு மட்டும். பத்தாயிரம் கண் பார்க்கக் கொட்டு அடிக்கிற கையில் சந்தேகத்துக்கு இடம் ஏது? மற்ற நேரம் கையுறை கழக அறையில் பூட்டி இருக்கும்.

"அப்போ அவிய சோறு திங்கிறது?" என்று கூட்டத்தின் ஓரத்திலிருந்து கித்தேரி கேட்டாள்.

"ஊட்ட நீ இருக்கியேம்மா" என்றான் ரோமால்டு, உண்மையான அன்போடு.

அவ்வளவுதான். ஊருக்கு அது நியாயமாகவே பட்டது. ஆட்டத்தன்று கித்தேரி கழக அறையிலிருந்து கையுறையை வாங்கிவந்து மாட்டுவாள், ரோமால்டு ஒலிபெருக்கியில் "மாட்டியாச்சா? எடுத்துக்கோன்னு சொல்லுங்க முறைக்காரங்க" என்பான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தெருக்காரர்கள் சொல்லுவார்கள், சக்கர நாற்காலியில் மைதானத்தின் நடுவில் இருக்கும் தொபியாஸின் கைகள் எழும், கொட்டு கிளம்பும். பழைய கொட்டில்லை அது. வளைவும் இல்லை, விளையாட்டும் இல்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கண்ணை ஒரே இடத்தில் குத்திவைத்து, கடப்பாரையால் பாறையைக் குத்துகிறவன்போல அடிப்பான், ஊர் அதைத்தான் முன்னைவிட உசத்தி என்றது. முடிந்ததும் ரோமால்டு அதட்டுகிற குரலில் "கித்தேரி, கழட்டு" என்பான், அவள் கழற்றுவாள், கையுறை பூட்டுக்குப் போகும். வீட்டில் அவன் மூக்கில் ஈ உட்காரும், அவள் ஓட்டுவாள்.

"ஒருநாளைக்கு ஒரு நேரம்னு கேட்டுப் பாரேன். ரோமால்டுகிட்ட" என்று தொபியாஸ் சொன்னான். கேட்டாள். கேட்டுக் கேட்டு ரோமால்டு அவளைக் கண்டால் வேறு சந்தில் திரும்புகிற அளவுக்குக் கேட்டாள். ஆட்டத்தன்று மாட்டியதும் அவள் தன் கையைத் தானே கொடுத்தும் பார்த்தாள், கிடைத்த ஒரு நொடியில் அவன் அவள் கன்னத்தைத் தொட்டான். தொட்டது அவளே தன்னைத் தொட்டுக்கொண்டதுபோல இருந்தது, குளிக்கும்போது முகம் கழுவுவாளே, அதே கை. இருவருக்குமே அது தெரிந்துவிட்டது. மறுபடி அதைச் செய்யவில்லை, பேசவும் இல்லை.

இறுதி ஆட்டம் வந்தது. வெளியூர் அணி, வெளியூர்க் கூட்டம், கேலரியின் படிகளில்கூட ஆட்கள். இடைவேளையில் கொட்டுவரிசை இறங்கியபோது ரோமால்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, சந்தோஷக் கிறுக்குத்தான், ஒலிபெருக்கியை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினான்:

"இன்னைக்குத் தெரு முறை கெடையாது! இன்னைக்கு ஊரே முறை! மொத்தப் பேரும் சொல்லுங்கலே!"

மொத்தப் பேரும் சொன்னார்கள். சிப்பித்துறை சொல்லிற்று, வெளியூர்க்காரர்கள் என்ன ஏதென்று கேட்காமல் சொன்னார்கள், நடுவர் சொன்னார், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொன்னார், கொட்டுவரிசை வாலிபர்களே சொன்னார்கள். சந்தியாகுப் பெரியவருக்கு வாய் நிறையக் கடலை, அவர் தலையை ஆட்டினார், அதுவே போதுமானதாக இருந்தது. பத்தாயிரம் பேர் கைகள் பத்தாயிரம் மடிகளில் விழுந்தன. வரிசைக்காரர்களின் குச்சிகள் புல்லில் உதிர்ந்தன, ரோமால்டின் ஒலிபெருக்கி கீழே விழுந்து கீச்சிட்டு நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தவள் கித்தேரி ஒருத்திதான், எல்லாம் முடிந்தபின் அவனைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போக அவளுக்குக் கை வேண்டியிருந்தது.

தொபியாஸ் அடித்தான். ஒரே டிரம்தான், ஆனால் மைதானத்துக்கு அடியில் இன்னொரு மைதானம் இருந்து அதிலும் ஒருவன் அடிப்பதுபோல அடித்தான், கடல் பின்வாங்கி நின்று கேட்டது, கோயில் மணி ஆளில்லாமல் அதிர்ந்தது, கைதட்ட முடியாத கூட்டம் காலால் தரையை உதைத்து ஊளையிட்டது, வெளியூர்க்காரர்கள் அழுதார்கள். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். இடைவேளை முடிந்துவிட்டது என்று விசில் ஊத நடுவருக்குக் கையில்லை. சிலருக்கு உற்சாகம் வடிந்து பயம் எட்டிப்பார்த்தது. மடியிலிருந்து குழந்தைகள் வழுக்கின, அம்மாக்கள் முழங்காலை உயர்த்தித் தடுத்தார்கள்.

அப்புறம் அவன் நிறுத்தினான். ஆனால் கைகளைத் தாழ்த்தவில்லை. குச்சிகளைப் போட்டுவிட்டுக் கித்தேரியைப் பார்த்தான்.

"ஏட்டி, இங்க வா."

அவள் கையுறையைக் கழற்றத்தான் போனாள், சத்தியமாக அதற்குத்தான் போனாள். நாற்காலிக்கு முன் மண்டியிட்டு முதல் வாரில் விரலை வைத்தபோது அவன் வலது உள்ளங்கை வந்து அவள் கன்னத்தில் பட்டது. கையுறைத்துணிக்கு வெளியே இருந்த பாகம், பழைய காய்ப்பு. அல்போன்ஸ் கை இல்லை, அவள் கை இல்லை. பத்தாயிரம் பேருடைய கை என்பதால் அது யார் கையும் இல்லை, யார் கையும் இல்லாததால் அது அவன் கை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கித்தேரி! கழட்டு!" கேலரியிலிருந்து ரோமால்டின் குரல் வந்தது.

காதில் விழுந்தது. ஆட்டம்தோறும் கேட்கிற அதே சொல், அதே குரல். அவனுக்கு என்ன, இரண்டாம் பாதி தொடங்க வேண்டும், பூட்டு காத்திருக்கிறது. போடா, கொஞ்சம் இரு, என்று மனசுக்குள் சொன்னாள். தொபியாஸின் கை கன்னத்திலிருந்து காதுக்குப் போயிற்று, காதோர முடியை ஒதுக்கிற்று, நெற்றிக்கு வந்தது.

"கழட்டும்மா! கழட்டு, தாயே! எங்கப்பா! எங்கப்பா!"

அவள் கண்ணைத் திறந்து திரும்பியபோதுதான் பார்த்தாள். கேலரியில் சந்தியாகுப் பெரியவர் முகம் கறுத்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடலை தொண்டையில் அடைத்திருந்தது. முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடுகிற கடலை. அவரைச் சுற்றிலும் ஆட்கள், தோளோடு தோள் இடிக்கிற கூட்டம், ஒருவருக்கும் தட்ட ஒரு கை இல்லை. ரோமால்டு தன் நெஞ்சாலும் தலையாலும் தகப்பன் முதுகை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கித்தேரி வாரைப் பிய்த்து எறிந்தாள். தொபியாஸின் கைகள் அவள் மடியில் விழுந்தன. கேலரி முழுதும் கைகள் எழுந்தன, ரோமால்டு தகப்பன் முதுகில் அறைந்தான், அறைந்தான், அறைந்துகொண்டே இருந்தான். அந்தச் சத்தம் மைதானத்தின் நடுப்பகுதி வரைக்கும் கேட்டது.

மறுநாள் அடக்கம். தொபியாஸ் போயே தீருவேன் என்றான், கித்தேரி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள், குளிரே இல்லாத ஊரில். பங்குச்சாமி ஜெபம் சொல்லி முடித்து, குழிக்குள் கைப்பிடி மண் போட வேண்டிய நேரம் வந்ததும், முதலில் போட வேண்டிய பிள்ளை ரோமால்டு குழிக்குப் போகாமல் நாற்காலிக்கு வந்தான். அவன் கையில் கழக அறையிலிருந்து எடுத்துவந்த கையுறை இருந்தது. கித்தேரியிடம் நீட்டினான். அவள் வாங்கி மாட்டினாள்.

"எடுத்துக்கோ" என்றான் ரோமால்டு, தொபியாஸின் முகத்தைப் பார்த்து. "நீ போடு. எங்கப்பாவுக்கு நீதான் போடணும்."

ரோமால்டின் வலது கை தொங்கியது. கித்தேரி நாற்காலியைக் குழியோரம் தள்ளினாள், தொபியாஸ் குனிய முடியாதவன், அவளே மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள், அவன் போட்டான். மூன்று முறை. போட்டு முடித்துக் கையைத் தாழ்த்தினான், திருப்பிக் கொடுக்கிற விதமாக விரல்களை விரித்தான். ரோமால்டின் கை எழவில்லை. கித்தேரி அவசர அவசரமாகக் கையுறையைக் கழற்றினாள். கழற்றிய பின்னும் தொபியாஸின் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

"ரோமால்டு, வாங்கிக்கோ. வாங்கிக்கோப்பா" என்று தொபியாஸ் கெஞ்சினான்.

"வேண்டாம். நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ரோமால்டு குழியைத் திரும்பிப் பாராமல் நடந்தான், அவன் வலது கை அவனோடு சம்பந்தமில்லாததுபோல ஆடிக்கொண்டே போனது.

கேட்ட கை வந்துவிட்டது. ஒருநாளைக்கு ஒரு நேரம் கேட்டார்கள், எல்லா நேரத்துக்குமாக வந்திருக்கிறது. பூட்டு இல்லை, முறை இல்லை, ஒயர்கூட இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் கித்தேரி சோறும் சாளைக்குழம்பும் போட்டு, தட்டை அவன் மடிப்பலகையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீயே ஊட்டு" என்றான் அவன்.

"கைதான் இருக்கே."

"இந்தக் கையால எப்படிட்டி திங்கிறது?"

"நான் மட்டும் எந்தக் கையால ஊட்ட? கழட்டுன்னு ரோமால்டு கத்தினப்போ கழட்டாம இருந்த கைதான் இதுவும்" என்றாள் கித்தேரி. தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க."

அவன் பிசைந்தான். முள் எடுத்தான். ஒவ்வொரு உருண்டையாக வாயில் போட்டு, அழுதுகொண்டே விழுங்கினான், தட்டைக் காலிசெய்தான். அவளும் அழுதாள், எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன், கையை மடியில் துடைத்துவிட்டு, மெதுவாக அவள் கன்னத்தை நோக்கி நீட்டினான். கித்தேரி நினைத்துச் செய்யவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை, ஆனால் அவள் தலை ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. அது யாருடைய கை என்று ஊருக்கே தெரியும். தொபியாஸ் பார்த்தான். நீட்டிய கையைத் திருப்பி, பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து, தானாகவே தண்ணீர் குடித்தான்.